துடக்கெண்டு சொன்னன்

11.10.87, ஞாயிறு. குட்மேய்ஸ், லண்டன்.

பக்கத்து வீட்டு ஜோர்ஜ் எங்கட பிள்ளையைப் பார்க்க வந்தார். கையைக் கழுவிப்போட்டு, "ஒருக்காத் தூக்கலாமோ?" எண்டு கேட்டார்.

இளவயசில பிரிட்டிஷ் ஆமியில இருக்கேக்க, அணுகுண்டு சோதிச்ச தீவில அவரையும் நிக்க வைச்சவங்களாம். கண்ணைப் பொத்தின கையில எலும்பு தெரிஞ்சதெண்டு முந்தி ஒருக்காச் சொன்னவர். கதிர்வீச்சு தொத்துற வருத்தமில்லை எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் அந்தக் கையைப் பார்த்தவுடன பயந்திட்டன்.

"துடக்கு. பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு நாள் கழியுமட்டும் வெளியாக்கள் தொடக்கூடாது, எங்கட வழக்கம்" எண்டன்.

என்ர மனுசி நிலத்தைப் பார்த்தாள். அவர் மன்னிப்புக் கேட்டுக் கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சார். "முடிஞ்சவுடன சொல்லு, வாறன்."

வெக்கமாக் கிடக்கு. போன ஞாயிறுதான் துடக்குக் கழிச்சனாங்கள். வந்த சனமெல்லாம் மாறிமாறிப் பிள்ளையைத் தூக்கினது.