ஆடலூருக்கு முதல் பஸ்

வத்தலக்குண்டு,
11.6.2025

அன்பு மகன் பழனிக்குமாருக்கு அம்மா எழுதுறது. இங்க என் உடம்புக்கு ஒண்ணும் குறைவில்லை, அங்க நீயும் ரேவதியும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தெனமும் பழனி மலை இருக்கற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கறேன். மெல்போர்ன்ல இப்ப குளிராமே, காதை மூடிக்கிட்டு வெளிய போ, சின்ன வயசுலயே உனக்குக் காதுவலி வரும். போன்ல பேசாம என்னத்துக்குக் கடுதாசின்னு நினைப்ப. போன்ல நீ நல்லா இருக்கியான்னு கேப்ப, நான் இருக்கேன்பேன், அதுக்குள்ள உனக்கு மீட்டிங் வந்துரும். இது வெரசா சொல்லி முடிக்கற சேதி இல்லை.

பொங்கல் கழிச்சு நம்ம பஸ் கம்பெனி சேர்மன் நாற்காலியை விட்டு இறங்கிட்டேன்ப்பா. குழந்தைவேல் கையில குடுத்துட்டேன். கண்டக்டரா வந்து மேனேஜர் வரைக்கும் உசந்தவன், நம்ம பஸ்ஸு ஒவ்வொண்ணும் எந்த வளைவுல திணறும்னு அவனுக்குத் தெரியும். உன்கிட்டச் சொல்லாம செஞ்சது தப்புதான். கேட்டிருந்தா ஒரு வருசம் பொறுங்கம்மான்னு சொல்லியிருப்ப, நானும் பொறுத்திருப்பேன், இப்படியே ஏற்கெனவே எட்டு வருசம் ஓடிருச்சு. நீ வருவன்னுதான் அந்த நாற்காலிக்கு நான் வேற ஆளையே யோசிக்கலை. உங்க அப்பா போனப்ப பஸ் நாலு, இப்ப இருபத்திரெண்டு, கொடைக்கானல் டூரிஸ்ட் வேன் வேற, எனக்கும் அறுபத்தாறு ஆச்சு. என்னைக்காவது ஒப்படைக்கறப்ப உதவும்னு நீ முன்னாடியே ஏற்பாடு பண்ணின கோயம்புத்தூர் ஆலோசகர் ஞானவேல் சார் நல்ல மனுசன், ரெண்டு தடவை நேர்லயே வந்தார். யார்கிட்ட எதை ஒப்படைக்கறதுன்னு அவர் கேட்டதுக்கெல்லாம் கடகடன்னு பதில் சொன்னேன். பதவி இல்லாத முதல் திங்கக்கிழமை காலையில என்ன செய்வீங்கன்னு கேட்டார் பாரு, அதுக்கு ஆபீஸுக்குக் கிளம்புவேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். யோசிச்சு வைங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

யோசிக்கலை. அந்தத் திங்கக்கிழமையும் வந்துருச்சு. வழக்கம்போல நாலரைக்கே முழிப்பு. மலை ஏறற காட் ரோட்டுல மரம் விழுந்திருச்சு, ஆறாம் நம்பர் வண்டி டயர் வெடிச்சிருச்சுன்னு இந்நேரத்துக்கு நாலு போன் வந்திருக்கும். அன்னைக்கு ஒண்ணுகூட வரலை. போன் ரிப்பேரான்னு பக்கத்து வீட்டுக்காரியை விட்டு அடிக்கச் சொல்லிப் பார்த்தேன், நல்லாத்தான் அடிச்சது. ரெண்டு இட்லியைத் தட்டுல வச்சுக்கிட்டு மணி பத்து வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி காரையும் ஒப்படைச்சாச்சு. என்ன நினைச்சேனோ, சேலையை மாத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, அங்க நின்ன நம்ம ஆடலூர் பஸ்ல ஏறிட்டேன். கண்டக்டர் புதுசு, என்னைத் தெரியலை, சில்லறையா குடுங்கம்மான்னு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தான்.

திரும்பி வரும்போது ஆடலூர்ல இருளாயின்னு ஒருத்தி மிளகு மூட்டையோட ஏறி என் பக்கத்துல உட்கார்ந்தா. மேல மலைவாழ் பளியர் குடியிருப்புல இருக்கா, நாப்பது வயசு இருக்கும். பேச்சுக்குப் பிள்ளைங்க என்ன படிக்குதுன்னு கேட்டேன். மூத்தவ எட்டாவதோட நின்னுட்டா, பதினேழு வயசாச்சு, காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறான்னா. ஏன் நிறுத்தினன்னு நான் கொஞ்சம் அதட்டலாவே கேட்டுட்டேன். அவ கோவிக்கலை. “கீழ பள்ளிக்கூடத்துக்குப் போக வெள்ளனே ஒரு பஸ் வந்துக்கிட்டிருந்துச்சு, கொரோனாவுக்குப் பொறகு அது நின்னுபோச்சு, பஸ் நின்னதும் புள்ளையும் நின்னுட்டா”ன்னு சொன்னா. குமாரு, அந்தக் காலை பஸ் நடையை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான். ஆள் ஏறலைன்னு ஒரு வரி எழுதியிருந்துச்சு, அஞ்சு நிமிசத்துல அடுத்த காகிதத்துக்குப் போயிட்டேன். அய்யம்பாளையம் வர்ற வரைக்கும் சரிஞ்ச அவ மிளகு மூட்டையைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். அப்புறம் அந்த பஸ்ஸை நிறுத்தினது நாந்தான்னு சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தா. “அப்ப திரும்ப விடச் சொல்லுங்க”ன்னா. அவ்வளவுதான். இப்ப எனக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு சொன்னேன், அவ நம்பினாளோ என்னமோ.

மறுநாளே ஆபீஸுக்குப் போனேன். குழந்தைவேல் எந்திரிச்சு அவன் நாற்காலியில என்னை உட்காரச் சொன்னான், நான் எதிர்ல உட்கார்ந்து விசயத்தைச் சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டான். “அம்மா, நீங்க சொல்லி நான் உடனே செஞ்சா, இங்க முதலாளி யாருன்னு நாளைக்குப் பசங்க குழம்பிப் போவாங்க. ஊர்க்காரங்க குடுக்கற மாதிரி ஒரு மனுவாக் குடுங்க”ன்னான். அவன் முன்னால சிரிச்சுட்டு வந்துட்டேன், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். உங்க அப்பா போன பிறகு அப்படி அழுததில்லை. ஆனா அவன் சொன்னது சரிதான், அவன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் ஆடலூர்ல தெரிஞ்சவங்க தோட்டத்து வீட்டுல மூணு வாரம் தங்கினேன். காலையில ஆறுல இருந்து எட்டு வரைக்கும் ரோட்டோரமா நின்னு, நடந்து போறவங்க எத்தனை, பால் வண்டியில தொத்திக்கிட்டுப் போற பிள்ளைங்க எத்தனைன்னு நோட்டுல எழுதினேன். மூடுபனியில முழங்கால் வலி உசிரை எடுத்துச்சு. இருளாயிதான் வீடுவீடாக் கூட்டிட்டுப் போனா, நாப்பத்தொரு பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்டாங்க. குழந்தைவேல் டிக்கெட் செக்கரை அனுப்பித் தனியா ஒரு தடவை விசாரிச்சுட்டு, பள்ளிக்கூடம் திறந்ததும் மூணு மாசம் ஓட்டிப் பார்க்கலாம்னு சொல்லிட்டான். முந்தாநாள் திங்கக்கிழமை முதல் பஸ் போச்சு. முந்தின நாளே மேல போயிருந்து நானும் ஏறினேன். மொத்தம் ஒன்பது பேர், அதுல அஞ்சு பிள்ளைங்க. ஒன்பது பேருக்கு ஓட்டினா கட்டாதுன்னு எனக்குத் தெரியாதா. இருளாயியோட மூத்தவ வரலை, இனிமே எனக்கெதுக்குப் படிப்புன்னுட்டாளாம். அது என் கணக்குலதான் கெடக்கும்.

இப்பத் தாண்டிக்குடிப் பக்கம் ரெண்டு ஊர்க்காரங்க வந்து எங்களுக்கும் இப்படி எழுதிக் குடுங்கன்னு கேக்கறாங்க. போகலாம்னு இருக்கேன், அந்தச் சோலி இருக்கற வரைக்கும் பகல் ஓடிரும். சாயங்காலந்தான் வீடு பெருசாத் தெரியுது. அதுக்காக நீ டிக்கெட் போட்டுக்கிட்டு ஓடி வர வேண்டாம், என்னையும் அங்க கூப்பிடாத. மனசு தோணினப்ப வா, என்னைப் பார்க்கன்னு மட்டும் வா.

முருகன் உங்க ரெண்டு பேரையும் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ரேவதிகிட்டக் கோவிச்சுக்காத. மறந்துராத, இதோட ஒரு காகிதம் வச்சிருக்கேன். குழந்தைவேலை நிரந்தரமா நிர்வாக இயக்குநரா வைக்கப் பங்குதாரரா உனக்குச் சம்மதம்னு அதுல இருக்கு, கையெழுத்துப் போட்டு இந்த மாசத்துக்குள்ள அனுப்பு. அனுப்பினா அம்மா வருத்தப்படுவாளேன்னு வச்சுக்கிட்டு உட்கார்ந்திராத. வருத்தப்படத்தான் செய்வேன், நீ அனுப்பு.

உன் நினைப்பாவே இருக்கற
அம்மா வடிவு