இரண்டாம் குரலுக்கு விட்ட இடம்

சேலம்,
உயிர்ப்பு ஞாயிறு, மதியம்.

அன்பு மகள் பிரின்சிக்கு அப்பா எழுதுவது. உயிர்ப்பின் மகிழ்ச்சி ஷில்லாங்கில் உன் அறைவரை வந்து சேரட்டும். போனில் சொல்லலாம்தான். உனக்குப் போன் போட்டாலே உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள். அதனால் கடிதம்.

இன்று காலைப் பூசையில் நீ எழுதிய இரண்டாம் குரலைப் பாடினார்கள். அம்மா மெட்டுப் போட்ட நற்கருணைப் பாட்டுக்கு, அவள் மெட்டோடு கூடவே வேறு சுரத்தில் ஓடுமே, அதுதான். "என் பாட்டைக் கெடுக்கிறாய்" என்று இரண்டு வருடம் முன்னால் அவள் தூக்கி எறிந்தாளே, நீயும் கோபித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாயே, அதே தாள். அதன்பிறகு உங்கள் இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் தவக்காலம் தொடங்கியதும் அவளே நகலெடுத்துப் பாடகர் குழுவுக்குக் கொடுத்தாள். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சோறு கிடைக்காது.

முதல் ஒத்திகையில் ஒரே கூத்து. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு தாளத் தட்டு காலியாக விட்டிருந்தாய் அல்லவா? கீபோர்டு வாசிக்கும் ரூபன், ஜெராக்ஸில் விழவில்லை என்று நினைத்து அங்கெல்லாம் பென்சிலால் ஒரு சுரம் எழுதிவிட்டான். இரண்டு குரலும் ஒன்றாகக் கிளம்பி முட்டிக்கொண்டன. "இது ஒத்தே வராதுங்க, விட்டுடலாம்" என்றான். உன் தாள் மறுபடியும் குப்பைக்குத்தான் என்று எனக்கு மனசே விட்டுப்போனது.

உன் அம்மா தொடையில் தாளம் போட்டு இரண்டு முறை பாடிப் பார்த்தாள். "அது அவ வேணும்னே விட்ட எடம் ரூபன். நாம இழுத்து நிக்கறப்ப அவ நகர்றா, நாம நகர்றப்ப அவ நிக்கறா. கணக்கா எழுதியிருக்கா" என்று சொல்லி, பென்சில் சுரங்களை எல்லாம் தானே ரப்பரால் அழித்தாள்.

இருபது வருடமாக முதல் குரலை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், இன்று அதை உன் சித்தி நான்சியிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் நின்று உன்னுடையதைப் பாடினாள். அவ்வளவு அழகு. யார் எழுதியது என்று பங்குத் தந்தை கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவளே, "என் பொண்ணுங்க ஃபாதர்" என்றாள். பெருமையில் அழுதுவிட்டேன், அதிலென்ன வெட்கம்.

இன்னொன்று. பாட்டில் மூன்று சரணம். நீ எழுதியது முதலாவதுக்கு மட்டும். மற்ற இரண்டிலும் உன் அம்மா வாயை மூடிக்கொண்டு நின்றாள். "உன் மெட்டையே பாடியிருக்கலாமே" என்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன். "அந்த எடம் பிரின்சி எழுத வேண்டியது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மீதி இரண்டையும் தபாலில் அனுப்பாதே சாமி. லீவு போட்டுவிட்டு இங்கே வந்து எழுது. ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வீட்டுக்கு அழைத்து வரட்டும்.

உன் அப்பா,
மிக்கேல்