பிரிக்காத டெண்டர் உறை

ஆடி மாதம், வெள்ளி இரவு.

எங்கள் தெருக் கிணறு வெட்டும் டெண்டரை இன்று போர்டு ஆபீசில் திறந்தார்கள். என் உறையை மட்டும் பிரிக்கவே இல்லை.

"அரக்கு வாங்க லாங் பஜார் வரைக்கும் போவணுமா?" என்று கேட்டு, என் மனைவி கன்னியம்மாதான் தோல் துண்டுகளைக் காய்ச்சி, அந்த வஜ்ஜிரப் பசையால் ஒட்டித் தந்திருந்தாள்.

"நல்லாத்தான் ஒட்டிருக்கு. ஆனா அரக்கு சீல் இல்லாத கவர பிரிக்கக் கூடாதுன்னு ரூலுப்பா" என்று குமாஸ்தா திருப்பித் தந்துவிட்டார்.

வேலை, தோல் பதனிடும் ஷாப் முதலாளியின் மைத்துனருக்குப் போய்விட்டது. அவர் ஷாப்புச் சாக்கடை ஓரமாகவே வெட்டுவார். நான் மேட்டில் வெட்டுவதாக எழுதியிருந்தேன். அந்தச் சாக்கடை ஊறிய தண்ணீர்தான் எங்கள் பிள்ளையைக் கொண்டுபோனது.

வாசலிலேயே கன்னியம்மா, "ஒட்டு நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"கடைசி வரைக்கும் நின்னுச்சு" என்றேன்.

நிம்மதியாகத் தூங்குகிறாள்.