நூற்றுக்குத் தொண்ணூற்றேழரை

மார்ச் 3

எடைமேடையில் இன்று ஏகப்பட்ட லாரிகள். சக்கரம் ஏறும் சத்தத்திலேயே நான் எடையைச் சொல்லிவிடுவேன். ஓட்டுநர்கள் வாயைப் பிளந்தார்கள். ஓரிருவர் கொட்டாவிதான் விட்டார்கள்.

சாயங்காலம் தங்கச்சி, மகனின் ஒரு வயதுப் பரிசோதனைச் சீட்டோடு வந்தாள். அதில் எடைக்கு நேரே, ‘இசட் ஸ்கோர் மைனஸ் 2.5’.

“அடுத்த வாரமே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. இது என்ன கணக்குண்ணா?”

எடையிலேயே புரண்டவன், தெரியாது என்பேனா? “நூத்துக்கு ரெண்டரை மார்க் குறைச்சல், அவ்வளவுதான். பையன் தொண்ணூத்தேழரை! பத்தாவதுல நான் வாங்கினதைவிட அதிகம்.”

கூட வந்திருந்த மச்சான் கைதட்டினார். பத்தாவது நான் எழுதவே இல்லை என்பது வேறு விஷயம்.

மார்ச் 12

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையாம். “நீதான் சொல்லிட்டியே” என்றாள். பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 2

பையனுக்குக் காய்ச்சல். நிற்கப் பார்க்கிறான், கால் துவண்டு உட்கார்ந்துவிடுகிறான். நானும் கூடப் போனேன்.

“ஏம்மா, அப்பவே வரச் சொன்னோமே?” என்றார் நர்ஸ்.

தங்கச்சி என் பக்கம் திரும்பாமலே, “மறந்துட்டேங்க” என்றாள்.

ஊரையே விலைக்கு வாங்கும் என் வாய், “இது என்ன கணக்குங்க?” என்று மட்டும் கேட்டது.

நர்ஸ் அந்தப் பழைய சீட்டை வைத்தே விளக்கினார். ஒரு வயதுப் பையன்களின் சராசரி எடை 9.6 கிலோ. இவன் அன்று 7.1. குறைவு இரண்டரை. பிள்ளைகள் சராசரியிலிருந்து வழக்கமாக முன்பின் விலகும் அளவு ஒரு கிலோ. குறைவை அதால் வகுக்கவேண்டும். சராசரிக்குக் கீழே என்பதால் மைனஸ்.

“இது மார்க் இல்லைங்க. இவ்வளவு குறைவா நூத்துல ஒரு பிள்ளைகூட இருக்காது.”

மார்க் என்று நான் சொன்னது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. எல்லாரும் அப்படித்தான் உளறுவார்கள்போல.

ஏப்ரல் 3

தொண்ணூத்தேழரையாம். சீ! இந்த வாய்க்கு இன்னைக்குச் சோறு ஒரு கேடா?

ஏப்ரல் 10

“வாங்க கணக்குப் புலி” என்றார் மச்சான். சிரிக்கவில்லை.

ஜூன் 14

மதியம் தங்கச்சி போன். “எட்டு கிலோ அறுநூத்தம்பது கிராம்ணா! இப்போ சராசரி பத்து முந்நூறு, விலக்கம் ஒண்ணு புள்ளி ஒண்ணு. நீயே போடு.”

கழித்தேன், 1.65. வகுத்தேன். மேடைமேல் நின்ற லாரி ஹாரன் அடித்தது. அடிக்கட்டும். மறுபடி போட்டேன்.

“மைனஸ் ஒண்ணரை வருது. எதுக்கும் நர்ஸை ஒரு வார்த்தை கேட்டுக்கம்மா.”

“கேட்டுட்டுத்தான்ணா உனக்கே போன் பண்றேன்” என்றாள்.