வீராயி சொன்னதும் நான் சொன்னதும்

19 ஆகஸ்ட் 1986, செவ்வாய்
கிட்வாய் நகர், டெல்லி

குழாயில் தண்ணீர் ஆறரைக்கே நின்றுவிட்டது. ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் நாற்பத்திரண்டில் பாதிதான் திருத்தினேன். ‘மழைநாள்’ என்று தலைப்புக் கொடுத்தால் பாதிப் பேர் மழைக்கு இந்தி வார்த்தையான ‘பாரிஷ்’ஷைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவர் ஆபீஸிலிருந்து உற்சாகமாக வந்தார். செக்ஷன் ஆபீசர் பட்டியலில் பெயர் இருக்கிறதாம். மேலதிகாரி மாணிக்கவாசகம் சார் நல்லதாக நாலு வரி ரகசியக் குறிப்பில் எழுதிவிட்டால் டிசம்பருக்குள் ஆர்டர் வந்துவிடும் என்றார். பதினேழு வருஷமாக அசிஸ்டெண்ட். பெருமாள் கண் திறக்க வேண்டும்.

21 ஆகஸ்ட்

ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். குழந்தைகள் கோர்ட்டிலிருந்து. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு சிறுமிக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். “உங்க இந்தி சுத்தமா இருக்கும் சுந்தரவல்லி, நீங்களே போயிட்டு வந்துருங்க.”

குழந்தைகளை ஜெயிலில் வைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது. ஜட்ஜுகள் நேரில் போய்ப் பார்க்கிறார்கள். அப்படிப் போன ஒருவர் பெண்கள் வார்டில் இவளைக் கண்டிருக்கிறார். போலீஸ் காகிதத்தில் வயது பதினெட்டு. ஆளைப் பார்த்தால் பன்னிரண்டுகூடச் சொல்ல முடியாதாம். திருட்டுக் கேஸ். யார் என்ன கேட்டாலும் விழிக்கிறாளாம்.

நான் கோர்ட் வாசலை மிதித்ததே இல்லை.  ஒருத்தி சொல்வதை இன்னொருத்தருக்குச் சொல்லப் போகிறேன், அவ்வளவுதானே?

22 ஆகஸ்ட், வெள்ளி

 நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

கூண்டு இல்லை. பள்ளிக்கூட ஆபீஸ் ரூம் மாதிரிதான் இருந்தது. மேஜைக்குப் பின்னால் மாஜிஸ்திரேட், மிஸஸ் சாஹ்னி, நரைத்த கொண்டை. ஓரத்தில் டைப் அடிக்கிறவர். என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று கடவுள்மேல் ஆணையிட்டேன்.

வீராயியைக் கூட்டிவந்தார்கள். யாரோ பெரிய பெண்ணின் சல்வார். சட்டைக்கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. “பேர் என்னம்மா?” என்று கேட்டதும் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீங்க தமிழா? இருவத்தி மூணு நாளா ஒருத்தரும் பேசலக்கா.”

ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். கள்ளக்குறிச்சிப் பக்கம். அப்பா இல்லை. அம்மா பொன்னம்மாள் கட்டட வேலைக்கு டெல்லி வந்தவள். ஆறு மாதமாக இவள் ஒரு வீட்டோடு வேலை. சங்கிலியைக் காணோம் என்றார்கள், இவள் எடுக்கவில்லை, பயந்து ஓடினாள், பஸ் ஸ்டாண்டில் போலீஸ் பிடித்தது. எல்லாம் சரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

“யார் வீட்டில்?”

“மோதி பாக்குல, மாணிக்கவாசகம் ஐயா வூடு.”

அதையும் சொல்லிவிட்டேன். காகிதத்தில் ஏற்கெனவே இருந்த பெயர்தான். எனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது. அதற்கப்புறம் என் குரல் எனக்கே எங்கிருந்தோ கேட்பதுபோல் இருந்தது.

மாஜிஸ்திரேட் எழுந்து வந்து அவள் சட்டைக்கையைச் சுருட்டினார். மூன்று சூட்டுக் காயங்கள். ஒன்று ஆறியிருந்தது. ஒன்று இன்னும் ஆறாமல் சீழ் பிடித்திருந்தது. எப்படி வந்தது என்று கேட்கச் சொன்னார்.

“அந்தம்மா கரண்டியக் காயவெச்சு வெச்சாங்க. பால் பொங்கிப்போனதுக்கு ஒண்ணு. தூங்கிட்டேன்னு ஒண்ணு. அப்பறம் எதுக்குன்னு தெரியல.”

நான் இந்தியில் சொன்னேன்: “சமைக்கும்போது சுட்டுக்கொண்டதாகச் சொல்கிறாள்.”

“மூன்றுமா?”

அதை நான் வீராயியிடம் கேட்கவே இல்லை. “ஜி, மூன்றும்” என்று நானே சொன்னேன். டைப் அடித்துவிட்டார்கள். கீழே என் கையெழுத்து.

ஜெயிலுக்குப் போக வேண்டாம், சிறுமிகள் இல்லத்துக்கு அனுப்புங்கள் என்று உத்தரவு. வயது பார்க்க எலும்பு எக்ஸ்ரே. அடுத்த விசாரணை செப்டம்பர் எட்டு.

தாழ்வாரத்தில் வீராயி கேட்டாள். “அக்கா, நீங்க கர்ச்சின்னு சொல்லவே இல்லியே?”

“என்னது?”

“ஜெயில்ல பருப்பு ஊத்துறப்ப கர்ச்சி கர்ச்சின்னு கத்துவாங்க. கரண்டிதானே அது? எனக்கு அந்த ஒரு வார்த்தை தெரியும்க்கா.”

“சொன்னேனேம்மா” என்றேன்.

23 ஆகஸ்ட்

இவரிடம் சொன்னேன். காபியைக் கீழே வைத்தார்.

“நீ செஞ்சது தப்பு.” அப்புறம், “ஆனா இனிமே அதைத் திருத்தறேன்னு கிளம்பிடாதே, வல்லி. நம்மால தாங்க முடியாது.”

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் அசிங்கம்.

25 ஆகஸ்ட்

பஸ்ஸில் கண்டக்டர் “மேடம்” என்று கூப்பிட்டதற்கே, கோர்ட்டிலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று தூக்கிவாரிப் போட்டது.

29 ஆகஸ்ட்

மாணிக்கவாசகம் சார் இவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாராம். பதினேழு வருஷத்தில் உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. “உங்க வீட்ல பெரிய உதவி பண்ணிருக்காங்க, கல்யாணராமன். நான் மறக்கமாட்டேன்.”

மூடின அறையில் நான் சொன்னது அவருக்கு எப்படிப் போனது? இவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

2 செப்டம்பர்

மூன்றாவது பீரியட். பியூன் வந்து, யாரோ அம்மா காரில் வந்திருக்கிறார் என்றான். மாணிக்கவாசகம் சாரின் மனைவி. ஜரிகை இழைத்த பட்டு, மெல்லிய குரல். கையில் ஒரு டப்பா அல்வா. தங்கள் ஊர்ப் பக்குவம் என்றார்.

“அந்தப் பிள்ளைக்கு நாங்க என்ன குறை வச்சோம், சொல்லுங்க. பாவாடை என்ன, சட்டை என்ன! போகட்டும், சின்னப் பிள்ளை. கேஸை வாபஸ் வாங்கிட்டு நாங்களே மறுபடியும் கூட்டிக்கிடுதோம்னு கோர்ட்ல மனுப் போட்டிருக்கோம். அவ அம்மாகிட்டயும் கைநாட்டு வாங்கியாச்சு. எட்டாம் தேதி வந்திருவா.”

“திரும்ப உங்காத்துக்கா?”

“பின்ன? அவளுக்கும் வேற யாரு இருக்கா? நீங்க அன்னைக்குச் சொன்னதுல வக்கீலுக்கு வேலையே இல்லாமப் போச்சு.”

சிரித்தபடி என் கையைத் தொட்டார். மருதாணி போட்ட, மிருதுவான கை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அல்வாவை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டேன். யார் தின்றார்களோ.

4 செப்டம்பர்

கீழ்வீட்டு சேஷன் வக்கீல் குமாஸ்தா. யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். சத்தியம் செய்துவிட்டு கோர்ட்டில் பொய்யாக மொழிபெயர்த்தால்?

“பொய்ச் சாட்சி மாதிரிதான், மாமி. ஏழு வருஷம் வரைக்கும் போடலாம். ஏன், யார் அந்தப் புண்ணியவான்?”

மாடிப்படி ஏறும்போது கால் வழுக்கியது.

5 செப்டம்பர்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ரோஜா கொடுத்தார்கள். வாங்கக் கூசியது.

6 செப்டம்பர், சனி

பள்ளிக்கூட கேட்டில் ஒருத்தி காலையிலிருந்து நிற்கிறாள் என்றார்கள். கருத்து மெலிந்த உடம்பு, முடியெல்லாம் சிமெண்ட்டுத் தூசி. பொன்னம்மாள்.

“தமிழு டீச்சரம்மா நீங்கதானே? கோர்ட்டுல எம்பொண்ணுக்குப் பேசுனது?”

ஆமாம் என்றேன்.

“ஐயா வூட்டு டிரைவர் வந்து கைநாட்டு வாங்கிட்டுப் போனாரு. மாட்டேன்னாப் புள்ளைய ஜெயில்லயே வெச்சுருவாங்கன்னாரு. ஒரு தப்பும் நடக்கல, டீச்சரம்மாவே கோர்ட்டுல சொல்லிட்டாங்கன்னாரு. நேத்து இல்லத்துக்குப் போயி புள்ளையப் பாத்தேன். அது வேற மாரி சொல்லுதும்மா. கையக் காட்டுது.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நீங்க படிச்சவங்க. எது நெசம்னு நீங்க சொல்லுங்க. அனுப்பவா, வேணாமா?”

 “திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வா” என்று மட்டும் சொன்னேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். என்னைப் போய்!

7 செப்டம்பர்

நாளைக்குக் கோர்ட்டில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். கத்தினார். இத்தனை வருஷத்தில் இவர் கத்தி நான் கேட்டதில்லை. “பட்டியல் போகும். போகட்டும். உன்னைப் பிடிச்சு உள்ளே வெச்சா? அப்ப நான் என்னடி பண்ணுவேன்?” அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

ஏழு வருஷம். எனக்கு ஐம்பது ஆகிவிடும். அந்தப் பெண்ணோ அந்தச் சமையலறைக்குத் திரும்பினால் இன்னும் எத்தனை? பயமாக இருக்கிறது. பெருமாளே, பயமாக இருக்கிறது. நாளைக்கு எனக்கு ஜுரம் வந்தால் தேவலை.

8 செப்டம்பர், திங்கள்

ஜுரம் வரவில்லை.

இவர் லீவு போட்டுவிட்டு என்கூடவே பஸ் ஏறினார்.  டிக்கெட்டை இரண்டாக வாங்கினார்.

எக்ஸ்ரே வந்திருந்தது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. மாணிக்கவாசகம் சாரின் வக்கீல் மனுவைப் படித்தார். மகள் மாதிரி வளர்த்தோம், பெற்றவளும் சம்மதித்துவிட்டாள், காயங்கள் விபத்து என்று சிறுமியின் வாக்குமூலத்திலேயே இருக்கிறது. மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, அந்த வீட்டுக்கே திரும்பிப் போகச் சம்மதமா என்று வீராயியிடம் கேட்கச் சொன்னார். வீராயி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன்.  “மேடம், போன தடவை நான் சொன்னதில் ஒரு தவறு இருக்கிறது.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். “தவறில்லை. பொய். சமைக்கும்போது சுட்டுக்கொண்டதாக அவள் சொல்லவே இல்லை. கரண்டியைக் காயவைத்துச் சூடு போட்டார்கள் என்று சொன்னாள்.”

வக்கீல் துள்ளி எழுந்தார். மிஸஸ் சாஹ்னி கையை உயர்த்தி அவரை அடக்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏன் அப்படிச் செய்தீர்கள்?”

“என் கணவர் அந்த வீட்டுக்காரரிடம் வேலை பார்க்கிறார். பயம்.”

“நீங்கள் படித்தவர். உங்களுக்கே இவ்வளவு பயம் என்றால்,” என்று வீராயியைக் காட்டினார், “இவளுக்கு எவ்வளவு இருக்கும்? அவள் உண்மையைச் சொன்னாள்.”

என்னை வெளியே போகச் சொன்னார். பக்கத்து ஆபீஸிலிருந்து வைத்தி என்ற தமிழ்ப் பெரியவரைக் கூட்டிவந்தார்கள். இந்தத் தடவை அவர் இந்தியில் சொன்ன ஒவ்வொன்றையும் பொன்னம்மாள் முன்னிலையில் மறுபடி தமிழில் வீராயிக்குச் சொல்லி, சரிதானா என்று கேட்டபிறகுதான் டைப் அடித்தார்களாம். மனு தள்ளுபடி. வீராயி இல்லத்திலேயே இருப்பாள். சூடு போட்டதற்குத் தனியாகக் கேஸ் பதிய உத்தரவு.

எனக்கு நோட்டீஸ். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும்.

வெளியே வரும்போது பொன்னம்மாள் என்னைக் கடந்து போனாள். கும்பிடவில்லை.

12 செப்டம்பர்

பட்டியலில் இவர் பெயர் இல்லை.

6 அக்டோபர்

எழுத்தில் பதில் கொடுத்தேன். நாலு வாரமாக வாசலில் ஜீப் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுகிறேன். இவர் தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் என்னைத் தேடுகிறார், வீட்டில் இருக்கிறேனா என்று.

24 டிசம்பர்

கோர்ட்டிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. தானாக முன்வந்து திருத்தியதால் கடுமையாக எச்சரித்து விடுகிறோம். இனி இந்தக் கோர்ட்டில் மொழிபெயர்க்கக் கூடாது. நாலு தடவை படித்தேன். இவர் வாங்கி ஐந்தாவது தடவையாக உரக்கப் படித்தார்.

பேப்பரில் குழந்தைகளைப் பற்றி இரண்டு புதுச் சட்டங்கள். ஒன்றின்படி, நாட்டில் எங்கேயும் எந்தக் குழந்தையையும் ஜெயிலில் அடைக்கக் கூடாது. சந்தோஷம். இன்னொன்று குழந்தைகள் எந்தெந்த வேலை செய்யக் கூடாது என்று. பீடி, தீப்பெட்டி, கம்பளம், சிமெண்ட். விரலை வைத்துத் தேடினேன். வீட்டு வேலை இல்லை. சட்டம் எழுதினவர்கள் வீட்டிலும் காபி போட யாராவது இருந்திருப்பார்களோ?

16 பிப்ரவரி 1987

இவருக்கு ஷில்லாங்குக்கு மாற்றல். நிர்வாகக் காரணம் என்று போட்டிருக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

“ஸ்வெட்டரை எடுத்து வை” என்றார். அழ ஆரம்பித்தேன். “அழாதே. நீ உள்ளே போகலையே. அது போறும் எனக்கு.”

3 ஏப்ரல்

இவர் ஷில்லாங் போய்விட்டார்; வேலையை விட முடியாமல் நான் இங்கேயே. கோல் மார்க்கெட்டில் ஒரே ஒரு அறை. டிராயிங் டீச்சர் விஜயலக்ஷ்மியும் நானும். இங்கேயும் தண்ணீர் ஆறரைக்கு நின்றுவிடுகிறது.

17 நவம்பர் 1987

சூட்டுக் கேஸ். இது பெரிய கோர்ட், கூண்டெல்லாம் இருக்கிறது. சாட்சிப் பட்டியலில் நான் நாலாவது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. பெஞ்சின் மறுமுனையில் மாணிக்கவாசகம் சார் வீட்டு அம்மா, அதே மாதிரிப் பட்டு. தாழ்வாரத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முதல் சாட்சி வீராயி. வளர்ந்திருக்கிறாள். இல்லத்து யூனிஃபார்ம், எண்ணெய் வைத்து வாரின இரட்டைச் சடை. பொன்னம்மாள் வாசல்வரை கூடவே வந்தாள்.

மொழிபெயர்க்க வைத்தி வந்திருந்தார். கதவு பாதி திறந்திருந்ததால் கேட்டது. அவர் எழுந்திருப்பதற்குள் வீராயி ஜட்ஜைப் பார்த்து, “மை குத் போலூங்கா” என்றாள். நானே பேசுவேன்.

பேசினாள். இல்லத்தில் ஒரு வருஷத்தில் கற்ற இந்தி. ஆண்பால் பெண்பால் எல்லாம் தப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். முக்கால் மணி நேரம் பேசினாள்.

வைத்தி வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “எனக்கு அங்கே வேலை இல்லை” என்றார்.

உள்ளே டைப் மெஷின் சத்தம் நிற்கவே இல்லை. அடுத்து யார் என்று பியூன் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.