சிவப்பு அம்பு ஒட்டாத லென்ஸ்

கூட்டாளி,

நேற்று மத்தியானம் சூலியா தெருக் கடையில் தே தாரிக் டீக்குக் காத்திருந்தபோது கைப்பேசி அடித்தது. உன் ஆன்லைன் கடைப் பக்கத்தில் புதுச் சரக்கு ஏறியிருக்கிறதாம். நீ கண்ணை மூடினதிலிருந்து தூங்கிக் கிடந்த பக்கம் அது. உன் பெயரும், பல் தெரிய நீ சிரிக்கிற படமும், வாங்கியவர்கள் அள்ளிக் கொடுத்த நட்சத்திரங்களும் மேலே அப்படியே இருக்க, கீழே உன் சாப்பாட்டு மேசையின் லேஸ் விரிப்பு. விரிப்பின் மேல் அந்த ஐம்பது எம்.எம். பழைய கேமரா லென்ஸ். ‘கண்ணாடி சுத்தம். குறை எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்தது.

மொத்தம் நாலு படம். நாலும் ஜன்னலைப் பார்த்து வைத்து எடுத்தவை. ஜன்னல் வெளிச்சம் முன்கண்ணாடியில் விழுந்து பளபளக்கிறது; உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். உள்ளே ஒட்டிவைத்த இரண்டு கண்ணாடிகள் ஓரத்தில் ஒட்டு விட்டுக்கொண்டு வருகின்றன. பின்னாலிருந்து டார்ச் அடித்தால் மழைத் தண்ணீரில் எண்ணெய் சிந்தினமாதிரி ஒரு வானவில் கோடு. அந்த இடத்தில் நீயே சிவப்பு அம்பு ஒட்டிவைத்திருந்தாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பில் அம்பை உரித்த பசைத் தடம், தூசி பிடித்து, முக்கோணமாக நின்றது.

தே தாரிக் வந்ததும் தெரியாது, ஆறியதும் தெரியாது. எனக்கு அவ்வளவு கோபம்.

அந்த அம்பு பாயான் லெப்பாஸில் நாம் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து நம்மோடு வந்தது. சோதனைப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி நமக்கு. விளக்கு, பூதக்கண்ணாடி, வந்துகொண்டே இருக்கும் சாமான்கள். கீறல் இருந்தால் அதன் பக்கத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி, கழித்ததைப் போடுகிற ரிஜெக்ட் ட்ரேயில் போடவேண்டும். அடுத்துப் பார்க்கிறவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பிரிவை மூடி ஆளை அனுப்பிய அன்றைக்கு எல்லாரும் ஒருத்தரையொருத்தர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, நீ டிராயரைத் திறந்து அம்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாய். “இத்தனை வருஷம் கண்ணைக் கொடுத்தோம், இதுகூடவா எடுத்துட்டுப் போகக் கூடாது?”

பிறகு, மூடிவிட்ட ஒரு ஸ்டூடியோவின் பழைய லென்ஸ் பெட்டியை வாங்கி ஆரம்பித்தோம். பக்கம் உன் பெயரில், உன் கைப்பேசியில். பேரம் என் வாயில். நீ கண்ணாடி பார்ப்பாய், நான் ஆளைப் பார்ப்பேன். ஜப்பானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் படம் பார்த்தே வாங்கினோம். பெட்டிக்கு ஆறு படமும் கண்ணாடிக்கு ஒரே படமும் போடுகிறவனிடம் போகாதே. மூடியைக் கழற்றாமல் எடுத்திருந்தால் போகாதே. திருகாணித் தலை சிதைந்திருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறான். ‘படத்தில் உள்ளபடி’ என்று மட்டும் எழுதியிருந்தால் படத்தில் இல்லாததைக் கேள். பின்னாலிருந்து டார்ச் அடித்து ஒரு படம் அனுப்பு என்று கேட்டால், நல்ல சரக்கு வைத்திருப்பவன் உடனே அனுப்புவான். மற்றவன் டார்ச்சில் பேட்டரி இல்லை என்பான், வேலையாக இருக்கிறேன் என்பான். சாக்கு வந்தால் சரக்கு வேண்டாம். இது நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சட்டம்.

நாம் விற்கும்போது முதல் படமே குறையின் படமாக இருக்கவேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். அம்பு ஒட்டி, டார்ச் அடித்து, குறை நன்றாகத் தெரியும்படி. நான் தலையில் அடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பொண்ணு காட்டும்போது முதலில் மருவைக் காட்டுவார்களா என்று கேட்டேன்.

“தெரிஞ்சு எடுத்துக்கிறவன் திருப்பிக் கொண்டாந்து வைக்க மாட்டான்டி” என்றாய்.

வியாபாரி நான், மறைக்காமல் சொல்கிறேன்: அம்பு ஒட்டிய சரக்குதான் முதலில் போனது. உன் பக்கத்தில் அம்பு இல்லையென்றால் குறை இல்லை என்று வாங்குகிறவர்கள் பழகிப்போனார்கள். உன் கணக்கில் வந்த பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நினைத்த மாதிரியே, தாசேக் கெலுகோரில் கல்யாணப் படம் எடுக்கிற நம் பழைய வாடிக்கைத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. “அக்கா, கடை மறுபடி திறந்தாச்சா? அம்பு இல்லையே, கிளீன்தானே? எடுத்துக்கிறேன்லா.” இரு தம்பி, கை வைக்காதே என்று எழுதிவிட்டு நேரே காடியை ஓட்டிக்கொண்டு புறப்பட்டேன். உன் அடுக்குமாடி லிஃப்ட் ஏறும்வரை, உன் கைப்பேசியை வைத்திருக்கிற உன் வீட்டுக்காரரைத் திட்டுவதற்கு வாய்க்குள்ளே வார்த்தையை அடுக்கிக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் வழிவிட்டார். லென்ஸ் மேசையிலேயே இருந்தது.

“அண்ணே, இதுல அம்பு இருந்துச்சே?”

“இருந்துச்சு. உரிச்சிட்டேன்.”

ஏன் என்று கேட்டதற்கு, எல்லாரும் இப்படித்தானே விற்கிறார்கள் என்றார். அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன். அவள் வருஷக்கணக்காய்ச் சேர்த்த பேர், கண்ணு போகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பேர், அதை வைத்தா பொய் விற்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறமாதிரி கத்தினேன். மாதா படத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினார்.

“கண்ணாடிக்கெல்லாம் அம்பு ஒட்டினாம்மா. எனக்கு ஒண்ணு காட்டலையே. வயித்துல காஸ்ட்ரிக், காஸ்ட்ரிக்னு வெள்ளை மருந்து குடிச்சிக்கிட்டு என் முன்னாலதான் நடமாடிக்கிட்டு இருந்தா. கட்டி இருக்குன்னு அவகிட்ட முன்னாடியே சொல்லியாச்சு, அதுக்கப்புறம் அவ திரும்ப வரவே இல்லன்னு டாக்டர் கடைசியில என்கிட்ட சொல்றாரு. எப்படி இருக்கும் எனக்கு? அவ பேருல ஒரு பொய் போனா என்ன குறைஞ்சுடும்னு தோணுச்சு. உரிச்சிட்டேன்.”

அவரை அடிக்காத குறையாகத்தான் போனேன். அவர் உட்கார்ந்திருந்த கோபத்தின் பக்கத்திலேயே எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது.

என்னிடமும் அப்படித்தானே செய்தாய்? படம் எடுக்கும்போது ஒருநாள் டார்ச்சை இடது கைக்கு மாற்றினாய். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. என்னடி என்று கேட்டேன். தலையணை சரியில்லை என்றாய். அந்த மாதத்திலிருந்து தொளதொள பாஜு சட்டை மட்டும் போட்டாய், வெயில் என்றாய். ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திவைத்த சரக்குமாதிரி என் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றாய். ஈப்போக்காரர் ஒருத்தர் லென்ஸுக்குள்ளே பூசணத்தை வளரவிட்டு விற்கக் கொண்டுவந்தபோது அவரை என்ன பேச்சுப் பேசினாய்! “நூல் மாதிரி இருந்தப்பவே கொண்டாந்திருந்தா துடைச்சிருக்கலாம். கண்ணாடியைத் தின்ன பிறகு கொண்டாந்தா நான் என்ன செய்ய?” அந்த மனுஷன் தலைகுனிந்து போனார். அந்த நேரத்தில் உன் உடம்புக்குள்ளே என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவரைத் திட்டினாய்.

கொஞ்ச நேரம் கழித்து, டார்ச் எங்கே என்று அவரிடம் கேட்டேன். உன் டிராயரைத் திறந்து டார்ச்சையும் ஸ்டிக்கர் சுருளையும் எடுத்துவந்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம். அவர் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தார், நான் கோணம் சொன்னேன். வானவில் தெரிந்ததும், இதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சுருளிலிருந்து ஒரு அம்பை உரித்துப் பழைய பசைத் தடத்தின்மேலே அவரே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். அதையே முதல் படமாகப் போட்டோம். ‘உள்கண்ணாடி ஓரத்தில் ஒட்டு விட்டுக்கொண்டு வருகிறது’ என்று எழுதி, விலையையும் இறக்கினேன். தம்பிக்கு அனுப்பி, வேண்டாமென்றால் சொல் என்றேன்.

பதில் உடனே வந்தது. அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் படித்தேன்.

“ஓரத்துலதானே அக்கா. அம்பு காட்டிட்டீங்கல்ல, எடுத்துக்கிறேன்.”

உன் வீட்டுக்காரர் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பார்த்தாயா? எடுத்துக்கொண்டான். குறையைப் பார்த்து, எங்கே எவ்வளவு என்று தெரிந்து எடுத்துக்கொண்டான். ஊரில் வேறு யாருக்காவது இது தெரியாது என்றால் விட்டுவிடலாம். உனக்குத் தெரியும். எனக்கே நீதான் சொன்னாய். பிறகு எங்களை மட்டும் என்னவென்று நினைத்தாய்? காட்டினால் ரிஜெக்ட் ட்ரேயில் போட்டுவிடுவோம் என்றா? உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்போம். முடி கொட்டினால் கேலி செய்திருப்பேன். துடைக்க முடிந்ததோ முடியாததோ, தெரிந்து உன்னை வைத்துக்கொண்டிருப்போமடி.

கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் ஸ்டிக்கர் சுருளை என் கையில் கொடுத்தார். இனிமேல் நீயே பாரும்மா என்றார். இப்போது என் கைப்பையில், சாவிக்கொத்தோடு கிடக்கிறது. கடை நடத்துவேன், உன் பெயரிலேயே நடத்துவேன், முதல் படம் குறையின் படமாகவே இருக்கும். ஆனால் உன்மேல் இருக்கிற கோபத்தை விடுவதாக இல்லை. பையில் கைவிடும்போதெல்லாம் அந்தச் சுருள் விரலில் படுகிறது. இன்னும் நிறைய அம்புகள் மீதி இருக்கின்றன.

உனக்கு ஒன்றே போதுமாயிருந்திருக்கும்.