பாதி மூச்சு

அன்புள்ள கலைவாணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

இருமல் விடவில்லை என்று செவ்வாய்க்கிழமை சித்தூரிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயில் வரும் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துப் பத்து விநாடி அடக்கச் சொன்னார்கள். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு எவ்வளவு காற்று போகிறது என்று மிஷின் காட்டுமாம். இரண்டு தடவையும் சரியாக வரவில்லை. எங்கள் ஷெட்டில் இருமியே செத்துப்போன கன்னையாவின் ஞாபகம் வந்துவிட்டது.

டெஸ்ட் எடுத்த பெண் நகரி ஊர்க்காரி, தமிழ்தான் பேசினாள். "அண்ணா, பாதி மூச்சுதான் இழுத்துக்கினு இருக்கீங்க. இன்னா வேலை செய்யறீங்க?" என்றாள்.

"கிரானைட் அறுக்கற வேலைம்மா."

"அதான். இங்க தூசி இல்லண்ணா, தைரியமா இழுங்க."

பதினெட்டு வருஷமாகக் கல்தூசிக்குப் பயந்து மேலாகவே மூச்சு விட்டுப் பழகியிருக்கிறேன். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது தடவை நிறைய இழுத்தேன். நுரையீரல் நன்றாக இருக்கிறது, வெறும் சளிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல மாஸ்க் போடச் சொன்னார், வாங்கிவிட்டேன்.

என் தலையணைக்கு உறை இல்லை. கூட வேலை செய்யும் பரணி ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறான். உன் பழைய நூல்புடவை ஒன்றை அவனிடம் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம். இப்போதுதான் முழு மூச்சு இழுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

சைரன் ஊதிவிட்டது.
சிரஞ்சீவி